கூட்டை மறைத்த இலைகள்

பணி ஓய்வு பெற்ற மறுமாதமே என் கணவருக்குப் பறவைகள்மேல் அன்பு வந்துவிட்டது. அதுவரை எங்கள் மாடி ஜன்னலில் வந்து உட்காரும் புறாக்களைத் துடைப்பத்தால் அடித்து விரட்டியவர் அவர். தொழிற்சாலையில் உடன் வேலை பார்த்த யாரோ நீளமான லென்ஸ் வைத்த கேமரா ஒன்றை வாங்க, இவரும் போய் அதைவிட நீளமாக ஒன்று வாங்கி வந்தார். அதற்குத் தனிப் பை, தனித் தலையணை, மழை வந்தால் போர்த்த ஒரு கோட்டு. திருச்சியில் முப்பது வருடக் குடித்தனத்தில் எனக்கென்று ஒரு மழைக்கோட்டு அவர் வாங்கியதில்லை.

ஒருநாள் காலைக் காப்பியோடு வந்து சொன்னார். "வைல்ட்லைஃப் டூர் ஒண்ணு புக் பண்ணியிருக்கேன். வடக்குக் காடுகளும் நீர்நிலைகளும். கூடவே ஒரு எக்ஸ்பர்ட் வருவாரு."

வடக்கு என்றதும் நான் ஸ்வெட்டரைத் தேடினேன். அவர் போனில் விளம்பரத்தைக் காட்டினார். வடக்கு என்பது தமிழ்நாட்டின் வடக்கு. நீர்நிலை என்பது கோமுகி அணை. காடு என்பது கல்வராயன் மலை, வெள்ளிமலை.

நான் பிறந்தது கச்சிராயபாளையத்தில். எங்கள் கரும்புத் தோட்டத்து வரப்பில் நின்றால் அணைக்கரை தெரியும். என் தம்பி இன்னும் அங்கேதான் பயிர் வைக்கிறான்.

"அது எங்க ஊருங்க," என்றேன்.

"பொறந்தா போதுமா? பார்க்கறதுக்கு ஒரு கண்ணு வேணும். அதை இவங்க சொல்லித் தருவாங்க," என்றார்.

தபால் அலுவலகத்துக் கவுண்டரில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். ஒரு ஆள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும்போதே அவன் என்ன உளறப்போகிறான் என்பது எனக்குத் தெரிந்துவிடும். என் கணவர் விஷயத்தில் அதற்குமேலும் தெரியும். சண்டை போடாமல் கிளம்பினேன். தம்பியைப் பார்த்து நாளாயிற்று, அதுதான் காரணம்.

வேனில் எட்டுப் பேர். எல்லோரும் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். அவருடைய லென்ஸ் என் கணவருடையதைவிட ஒரு சாண் நீளம். அதைப் பார்த்ததிலிருந்து என் கணவர் தன்னுடையதை மடியிலேயே வைத்துக்கொண்டார், வெளியே எடுக்கவில்லை. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் சென்னைக்காரர், நாற்பதுக்குள் இருக்கும். உடம்பெல்லாம் பை வைத்த சட்டை. அதன் முதுகில், காட்டில் எதையும் தொடாதே என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்கும்போதும், பக்கத்தில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, இவர் கிசுகிசுப்பாகவே சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டார். கடைக்காரருக்குக் காதில் விழவில்லை. நான்தான் உரக்கச் சொன்னேன்.

அணைக்கரையில் இறங்கியதும் அவர் கண் என் சேலைமேல் விழுந்தது.

"மேடம், ஆரஞ்சு கலர் பேர்ட்ஸை டிஸ்டர்ப் பண்ணும்."

பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான ஒரு கோட்டையும் தொப்பியையும் கொடுத்தார். என் கணவர் ஏற்கெனவே அதே துணியில் கால்சட்டை முதல் கைக்குட்டை வரை வைத்திருந்தார். வெயில் காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. தண்ணீர் நடுவில் சுருங்கிப்போய்க் கிடந்தது. சுற்றிலும் வெடித்த சேறு. சேற்றில் எருமைகள், எருமைகளின் முதுகில் உண்ணிக்கொக்குகள். வெளிநாட்டுப் பறவைகள் வந்து போகிற காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அது தெரிந்தேதான் வழிகாட்டி இந்த மாதத்தில் எங்களைக் கூட்டி வந்திருக்கிறார்.

"சீசன் கொஞ்சம் தள்ளிப்போச்சு," என்று கிசுகிசுத்தார். அதற்கும் எட்டுப் பேரும் பக்தியோடு தலையாட்டினோம். எட்டில் நானும் ஒருத்தி என்பதால் தலையாட்டினோம் என்கிறேன். நான் கொட்டாவிதான் விட்டேன்.

ஒரு நத்தைகுத்தி நாரை வந்து சேற்றில் இறங்கியது. உடனே எல்லாக் கேமராக்களும் டைப்ரைட்டிங் வகுப்பைப் போலப் படபடத்தன. அந்த நேரம் பார்த்துத்தான் கரைமேல் ஒரு பைக் வந்து நின்றது. பின்சீட்டில் கரும்புத் தோகைக் கட்டு. என் தம்பி.

"இன்னாக்கா இது கோலம்? மிலிட்டரில சேந்துட்டியா?" என்று கரையிலிருந்தே கத்தினான்.

எட்டுத் தலைகள் திரும்பின. வழிகாட்டி உதட்டில் விரலை வைத்தார்.

"பறவை பாக்க வந்துருக்கோம்டா," என்றேன்.

"பறவையா? எந்தப் பறவ? தோ நிக்குதே, அதுவா? அது எங்கியும் போவாதுக்கா, தெனம் இங்கதான் மேஞ்சிக்கினு கெடக்குது. வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போ. மாமா, நீங்களும் வாங்க."

என் கணவர் கேமராவுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார். வழிகாட்டி கரையேறிப் போனார். "சார், கொஞ்சம் சத்தம் கம்மியா பேசுங்க, ப்ளீஸ்."

"நீங்க யாருங்க?"

"நேச்சுரலிஸ்ட்."

"அப்டின்னா?"

வழிகாட்டி யோசித்தார். தமிழில் அதற்கு அவரிடம் பதில் இல்லை. தம்பி, "சரி, பாருங்க பாருங்க," என்று பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான். நாரை தலை நிமிரவில்லை. அவன் கத்தியதற்கும் பறக்கவில்லை, என் ஆரஞ்சுச் சேலைக்கும் பறந்திருக்காது.

மாலையில் மலையேறினோம். வெள்ளிமலை தாண்டி யாரோ ஒரு தனியார் நிலத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். இருட்டுவதற்கு முன் எங்களை வட்டமாக உட்காரவைத்து வழிகாட்டி ஒரு வகுப்பு எடுத்தார். காடு ஒரு கோயில். நாம் இங்கே விருந்தாளிகள். ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். என் கணவரின் கண்களில் ஈரம் தெரிந்தது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி நெகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஓடைப் பக்கம் நடந்தோம். வழிகாட்டி சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துப் புதருக்குள் வைத்தார். போனை அழுத்தியதும் அதிலிருந்து ஒரு குருவியின் குரல் வந்தது. தன் இடத்தில் எவனோ புகுந்துவிட்டான் என்று நினைத்து, நிஜக் குருவி ஒன்று பதறிக்கொண்டு ஓடி வந்தது. கிளைக்குக் கிளை தாவித் தேடியது, தொண்டை வீங்கக் கத்தியது. இவர்கள் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடித்ததும் ஸ்பீக்கரைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தோம். அந்தக் குருவி அங்கேயே இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டிருந்தது. சேலையின் நிறம் பறவையைத் தொந்தரவு செய்யும் என்று சொன்ன அதே மனிதர்தான் இவர்.

ஓடை திரும்பும் இடத்தில் ஒரு மாமரம். அதன் தாழ்ந்த கிளையில், இலைக்கொத்துக்குள்ளே ஒரு கூடு. கைக்குள் அடங்கும் கிண்ணம் போல, சிலந்திநூல் பூசி, அவ்வளவு அழகு. சிவப்பும் பழுப்புமாக ஒரு பெண் குருவி அதில் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆண் வந்தது. தூய வெள்ளை, கறுத்த தலை, உடம்பைவிட நீளமாக ரிப்பன் போல ஆடும் வால். அரசவால் ஈப்பிடிப்பான் என்று என் கணவர் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கே மூச்சு நின்றுவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கூட்டுக்குள்ளிருந்து சின்னச் சின்ன வாய்கள் மேலே திறந்தன.

பல் டாக்டர்தான் முதலில் சொன்னார். "இலை மறைக்குதே."

வழிகாட்டி இன்னொரு பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது செடி வெட்டும் கத்தரி.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் கூட்டுக்கு முன்னாலிருந்த இலைகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார். மேலே குடை போலிருந்த கொத்தையும் வெட்டினார். குறுக்கே நின்ற கிளையை வெட்ட முடியவில்லை, வளைத்து நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினார். கட்டும்வரை அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் கணவர்.

"எலைய எதுக்குங்க வெட்றீங்க? மறைவா இருக்கணும்னுதானே அது அங்க கூடு கட்டிருக்குது," என்றேன்.

"ஜஸ்ட் கார்டனிங் மேடம். எல்லா ஃபோட்டோகிராஃபரும் பண்றதுதான்," என்றார் வழிகாட்டி. கோயிலில் ஒரு இலையைக் கிள்ளக் கூடாது என்று அவர் சொல்லி ஒரு ராத்திரிதான் போயிருந்தது. மரத்தடியில் தரை பச்சையாக இருந்தது.

"சும்மா இரு," என்றார் என் கணவர், கிளையை விடாமல்.

அப்போது ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் அரிவாள், இடுப்பில் ஏற்றிச் செருகிய சேலை. மலைக் குடும்பத்துக்காரி, அந்த மாமரமும் அதையடுத்த நிலமும் அவளுடையவை.

"இன்னா பூரா மெறிச்சிக்கினு நிக்கிறீங்க? கேவுரு நாத்து உட்டுருக்குது, கண்ணு தெரியலியா?"

குனிந்து பார்த்தேன். கேழ்வரகு நாற்றங்கால்மேல்தான் எட்டு ஜோடி பூட்ஸும் நின்றிருந்தன. நான் செருப்போடு முதலில் விலகினேன். வழிகாட்டி விலகவில்லை.

"அம்மா, இது ரொம்ப ரேர் பேர்ட். உங்க நிலத்துல கூடு கட்டினதுக்கு நீங்க பெருமைப்படணும். இதை நீங்கதான் பத்திரமா பாத்துக்கணும்," என்றார்.

"நான் பாத்துக்கினா அது இங்க கெடக்குது? நீ மொதல்ல நாத்து மேலருந்து கால எடு."

பல் டாக்டர் சட்டென்று திரும்பி அவள் முகத்தைப் படம் எடுக்க லென்ஸைத் தூக்கினார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் முதுகையும் எடுத்தார்.

அவள் போன பிறகு ஒரு ஆள் உட்காரும் துணிக்கூடாரம் ஒன்றைக் கூட்டுக்கு எதிரே நட்டு, முறைபோட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வெயில் ஏறியது. நிழல் தர இப்போது இலை இல்லை. குஞ்சுகள் வாயைப் பிளந்து இரைக்கத் தொடங்கின. தாய்க்குருவி கூட்டின் விளிம்பில் நின்று, இரண்டு சிறகையும் விரித்து, அவற்றின்மேல் நிழல் பிடித்தது. அதன் வாயும் பிளந்திருந்தது.

"ஆக்‌ஷன்! ஆக்‌ஷன்!" என்று கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

என் கணவர் தன் முறை முடிந்து வெளியே வந்து கேமராத் திரையை என்னிடம் நீட்டினார். "பாரு. தாய்மை."

"வெயில்ல கருவுதுங்க. கயித்த அவுத்து விடச் சொல்லுங்க."

அவர் வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டி, மாலை வெளிச்சத்தில் இன்னொரு முறை வரலாம், கட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். எல்லோரும் சாப்பிடப் போனோம். சாப்பாட்டில் சாமைச் சோறு போட்டிருந்தார்கள். அதைப் பற்றி அரைமணி நேரம் வியந்து பேசினார்கள். காலையில் மிதித்துவிட்டு வந்த நாற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சம் இல்லை என்று போகவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து, எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போய் அந்தக் கயித்தையாவது அவுத்துட்டு வாங்க," என்றேன் கணவரிடம்.

"அதெல்லாம் அவரு பாத்துப்பாரு. மழைல வழுக்கும்."

அவருடைய கேமராவின் மழைக்கோட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நானே போனேன். பாதை வழுக்கத்தான் செய்தது. ஓடையில் தண்ணீர் கணுக்கால்வரை வந்திருந்தது. கயிற்றின் முடிச்சு நனைந்து இறுகிப்போய், எனக்கு எட்டவும் இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று அரிவாள் கேட்டேன். அவளே கோணியைப் போர்த்துக்கொண்டு கூட வந்தாள். ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்தாள். கிளை திரும்பப் போய்க் கூட்டின் ஒரு பக்கத்தை மறைத்தது. மேலே வெட்டின இடம் வெட்டின இடம்தான். தாய்க்குருவி மழையில் நனைந்துகொண்டு உள்ளே ஒடுங்கியிருந்தது.

"இதுக்காம்மா இந்த மழைல வந்த?" என்று கேட்டாள். அவள் பார்வையில் நானும் அந்த எட்டுப் பேரில் ஒரு பைத்தியம்தான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அதே தொப்பிதான் என் தலையிலும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் லென்ஸைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். கூடு காலி. விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. மேல்கிளையில் ஒரு வால்காக்கை உட்கார்ந்து அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் இலை மறைக்கவில்லை.

"அய்யோ, சோ சேட்," என்றார் பல் டாக்டர்.

"நேச்சர்ல இது சகஜம்," என்றார் வழிகாட்டி. "இரை, வேட்டை. இதுல நாம தலையிடக் கூடாது."

தலையிடக் கூடாது! நான் வாயைத் திறப்பதற்குள் ஆண் குருவி வந்துவிட்டது. அலகில் ஒரு தட்டான். பிய்ந்த கூட்டின் விளிம்பில் இறங்கி உள்ளே பார்த்தது. சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து பார்த்தது. வெள்ளை வால் காற்றில் ஆடியது. தட்டானை விடாமலே மெல்லக் குரல் கொடுத்தது.

என் பின்னால் டைப்ரைட்டிங் வகுப்பு தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்மேல் கோபம் வந்திருக்கிறது, அலுப்பு வந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது அருவருப்பு.

அவர்கள் டிபனுக்குப் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். ஆண் குருவி இன்னும் இரண்டு மூன்று முறை வந்து பார்த்தது. பிறகு தட்டானை அதுவே விழுங்கிவிட்டு ஓடைப் பக்கம் போனது.

கிளம்புவதற்கு முன் மறுபடி வட்டம். இந்தப் பயணத்தை ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டுமாம். "மேஜிக்," என்றார் பல் டாக்டர். "அமைதி," என்றார் தஞ்சாவூர்க்காரர் ஒருவர். "தாய்மை," என்றார் என் கணவர். என் முறை வந்தது.

"கொலை," என்றேன்.

வழிகாட்டி நெஞ்சில் கையை வைத்தார். "உங்க எமோஷன் புரியுது மேடம்."

"எமோஷன் ஒண்ணும் இல்லீங்க. கத்தரி உங்க பையிலதான் இருக்குது, எடுத்துக் காட்டுங்க. காக்காய்க்கு வழி பண்ணிக் குடுத்துட்டு நேச்சர்ன்றீங்க. இந்த எட்டுப் பேர்ல ஒருத்தருக்காவது வெக்கமா இருக்குதா?"

யாருக்கும் இல்லை. பல் டாக்டர் தன் பூட்ஸைப் பார்த்தார். என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உக்காரு," என்றார். தொப்பியையும் கோட்டையும் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்கு நடந்தேன். கச்சிராயபாளையம் போகும் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மலையிறங்கினேன்.

தம்பி வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"குருவிதானக்கா? இதுக்குப் போயி மாமாவ வுட்டுட்டு வந்துட்டியா?"

அவனிடம் என்ன எதிர்பார்த்தேன்? கரும்புக்கு வரும் பன்றிகளுக்கு வெடி வைக்கிறவன். ஆனால் அவன் அதைக் கோயில் என்று சொல்லிக்கொண்டு செய்வதில்லை. அவன் மனைவி போட்ட மோரை இரண்டு டம்ளர் குடித்தேன். மறுநாள் தனியாகத் திருச்சிக்குப் போனேன்.

கொஞ்ச மாதம் கழித்துத் திருச்சியில் ஒரு மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். என் கணவரின் படங்கள் இரண்டு, பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. சிறகு விரித்த தாய்க்குருவிக்குப் பெயர் "தாய்மை". தட்டானோடு நிற்கும் ஆண் குருவிக்குப் பெயர் "காத்திருப்பு". அதன் எதிரே நின்று சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி அவரிடம் கேட்டாள்.

"கூட்டை இவ்வளவு கிளியரா எப்படி எடுத்தீங்க சார்?"

"பொறுமை," என்றார். "கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேணும்."

பக்கத்தில் நின்றிருந்த நான், "எலைய வெட்டினாங்கம்மா. கெளைய இவருதான் புடிச்சிக்கினு நின்னாரு. மறுநாள் குஞ்சுங்களக் காக்கா தூக்கினு போயிடுச்சு. அதுக்கப்புறம் எடுத்ததுதான் அந்த ரெண்டாவது," என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. கவுண்டரில் தபால்தலை விலை சொல்வது போலத்தான் சொன்னேன்.

அந்தப் பெண் போய் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் இரண்டு படங்களையும் கழற்றி, தாளில் சுற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூட்டுப் படம் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்திருந்த விதியாம். முதல் நாள் மாட்டும்போது அந்த விதி எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களும் அதே கூட்டம்தானே.

என் கணவர் பல நாள் என்னோடு பேசவில்லை. நான் குடும்ப மானத்தை வாங்கிவிட்டதாக என் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னார். அவள் என்னிடம் கேட்டாள், நான் நடந்ததை அப்படியே சொன்னேன். அவளும் அதற்குப் பிறகு பேசவில்லை. அந்த வழிகாட்டியோடு இவர் இப்போது போவதில்லை. அவர் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டாராம். வேறொருவரைப் பிடித்திருக்கிறார், அந்த ஆளும் கிசுகிசுப்பாகத்தான் பேசுகிறார், எங்கள் வீட்டுக்கே வந்து டீ குடித்துவிட்டுப் போனார். என்னையும் வரும்படி கூப்பிட்டார்.

"அவ வரமாட்டா," என்றார் என் கணவர் அவசரமாக. இத்தனை வருடத்தில் என் மனதை அவர் சரியாகச் சொன்னது அன்றைக்கு ஒரு தடவைதான்.